பகான் பக்கத்துக் கிராம வீடுகளில் சாப்பிடுவது எப்படி: பர்மாவுக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பர்மியக் கிராம வாழ்க்கையை அதன் சாப்பாட்டின் வழியாக அறிய விரும்புகிறவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய முதல் விதி, இலை போடும் நேரத்துக்குப் போகாமல் அடுப்பு மூட்டும் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதுதான். சமைத்து முடித்த பண்டங்களை நகரத்து உணவகங்களிலும் பார்க்கலாம். ஆனால் விறகு எங்கிருந்து வருகிறது, தண்ணீர் எத்தனை தூரத்திலிருந்து வருகிறது, எண்ணெய் யாருடைய காட்டில் விளைந்தது, முதல் அகப்பைச் சோறு யாருக்குப் போகிறது என்பதையெல்லாம் சமையல் நடக்கும் அந்த இரண்டு மணி நேரத்தில்தான் பார்க்க முடியும். இந்தக் கட்டுரை ஐராவதி ஆற்றங்கரையில் உள்ள பகான், நியாங்-ஊ வட்டாரத்துக் கிராமங்களை மையமாக வைத்து எழுதப்பட்டிருக்கிறது. இது நடு பர்மாவின் வறண்ட மண்டலம். பனை, கொள்ளு, துவரை, எள், நிலக்கடலை, புளி என்று இங்கு விளையும் எல்லாமே தமிழருக்குப் பழக்கமானவை என்பதால், புதிதாகப் போகிறவர் தொடங்குவதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் அந்த நாட்டில் இல்லை என்பது என் கருத்து.

புறப்படும் முன் தீர்மானிக்க வேண்டியவை

2021 பிப்ரவரி 1ஆம் தேதி ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியதிலிருந்து நாட்டின் பல பகுதிகளில் போர் நடந்துவருகிறது. 2025 மார்ச் 28ஆம் தேதி ஏற்பட்ட பெரும் நிலநடுக்கம் சகாயிங், மாண்டலே பகுதிகளையும், இன்லே ஏரியைச் சுற்றியுள்ள கிராமங்களையும் கடுமையாகப் பாதித்தது. இந்திய வெளியுறவு அமைச்சகம் அவசியமற்ற பயணத்தைத் தவிர்க்குமாறு 2023இலும், ராக்கைன் மாநிலத்துக்குப் போகவே வேண்டாம் என்று 2024 பிப்ரவரியிலும் தன் குடிமக்களுக்கு அறிவுறுத்தியது. ஆகவே பயணச்சீட்டு வாங்குவதற்கு முன் உங்கள் நாட்டு வெளியுறவு அமைச்சகத்தின் அந்த வாரத்து அறிவிப்பைப் படியுங்கள். உங்கள் பயணக் காப்பீடு அந்த நாட்டில் செல்லுபடியாகுமா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். போக வேண்டாம் என்று அறிவிப்பு சொன்னால் பயணத்தைத் தள்ளிப்போடுவதே சரி. பழைய பயண நூல்கள் புகழும் சில இடங்கள் இப்போது பயணிகளுக்கு ஏற்றவை அல்ல. ஐராவதிக்கு மேற்கே மகுவே பகுதியிலுள்ள மியாயிங் வட்டாரத்தில் கிராமத்தாரே நடத்திய விருந்தினர் இல்லங்களும், கயா மாநிலத்துக் கிராமங்களில் நடந்த உணவுச் சுற்றுலாக்களும் ஒரு காலத்தில் நன்றாக நடந்தவை. பின்னர் அந்த வட்டாரங்கள் போர்க்களமாகிவிட்டன.

சுற்றுலா விசாவை இணையத்தில் 50 டாலர் கட்டிப் பெறலாம். 28 நாட்கள் தங்கலாம். டாலர் நோட்டுகள் மடிப்போ கறையோ இல்லாமல் புதிதாக இருந்தால்தான் மாற்றித் தருவார்கள். கிராமத்தில் அட்டைகளால் பயன் எதுவும் இல்லை. சிறு மதிப்புள்ள கியாட் நோட்டுகளாகக் கையில் வைத்திருங்கள்.

இரவுத் தங்கலைப் பற்றி ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். வெளிநாட்டவர்கள் உரிமம் பெற்ற விடுதிகளில் மட்டுமே தங்கலாம் என்பது அங்குள்ள பொதுவான விதி; வீட்டில் இரவு தங்கும் விருந்தினரைப் பற்றிக் கிராம நிர்வாகத்திடம் தெரிவிக்க வேண்டும் என்ற சட்டமும் இருக்கிறது. அன்பு மிகுந்த ஒரு பெரியம்மா “இங்கேயே படுத்துக்கொள்” என்று சொன்னாலும், பிடிபட்டால் விசாரணை அவர் தலையில்தான் விழும், உங்களை வண்டியேற்றி அனுப்பிவிடுவார்கள். எனவே நியாங்-ஊவிலோ புதிய பகானிலோ விடுதியில் தங்கி, பகலில் கிராமத்துக்குப் போய், இருட்டுவதற்குள் திரும்பிவிடுங்கள். பகல் பயணமே இதற்குப் போதுமானது. கிராமத்தின் முக்கியமான சாப்பாடு எப்படியும் முற்பகலில்தான் நடக்கிறது.

எப்போது போவது

நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெயில் தாங்கும்படி இருக்கும். உணவை மட்டும் கருதினால் பிப்ரவரிதான் சிறந்த மாதம். அப்போது பனை சுரக்கத் தொடங்கியிருக்கும். அறுவடை முடிந்து வீடுகளில் எள்ளும் கடலையும் இருக்கும். பர்மிய நாட்காட்டியின் தபோத்வே மாதமும் பெரும்பாலும் அப்போதுதான் வரும். அந்த மாதத்துப் பௌர்ணமியை ஒட்டி ஊர்தோறும் தமனே கிண்டுவார்கள். ஒட்டும் அரிசி, எள், நிலக்கடலை, தேங்காய், இஞ்சி, எண்ணெய் ஆகியவற்றைப் பெரிய இரும்புக் கடாயில் போட்டு, துடுப்பு அளவுள்ள மரக்கட்டைகளால் ஆண்கள் இருவர் மூவராக நின்று கிண்டுகிற அந்த வேலை பாதி சமையல், பாதி மற்போட்டி. கிண்டியதை முதலில் மடாலயத்துக்குக் கொடுத்துவிட்டு, பிறகு வழிப்போக்கர் உட்பட எல்லோருக்கும் வாழையிலையில் வைத்துக் கொடுப்பார்கள். இதற்கு அழைப்பு எதுவும் தேவையில்லை.

ஏப்ரல் நடுவில் வரும் திஞ்ஞான் என்னும் புத்தாண்டு நீர்த் திருவிழாவின்போது வெயில் கொளுத்தும். ஆயினும் வெல்லத்தை உள்ளே வைத்து உருட்டிய அரிசிமாவு உருண்டைகளைக் கொதிநீரில் போட்டு மிதக்கவிட்டு, தேங்காய்த் துருவல் தூவித் தெருவிலேயே பங்கிடுவதை அப்போது பார்க்கலாம். சில உருண்டைகளில் வெல்லத்துக்குப் பதிலாகப் பச்சைமிளகாய் ஒளிந்திருக்கும், கவனம். சைவ உணவுக்காரர்களுக்கு ஜூலை முதல் அக்டோபர் வரையிலான மழைக்காலத் தவமாதங்கள் வசதியானவை. அந்த மூன்று மாதங்களில் புலால் தவிர்க்கும் பௌத்தக் குடும்பங்கள் பல உண்டு. கறிக்குழம்பு இல்லாத சமையலைக் கேட்பது அப்போது யாருக்கும் விசித்திரமாகத் தோன்றாது.

வீட்டைத் தேடுவது

முன்பின் தெரியாத வீட்டின் வாசலில் போய் நிற்காதீர்கள். நின்றால் அவர்கள் மறுக்கமாட்டார்கள் என்பதுதான் சிக்கல். வந்தவர் மனம் நோகக்கூடாது, யாருக்கும் தொந்தரவு கொடுத்துவிடக்கூடாது என்ற கூச்சம் பர்மியப் பண்பாட்டில் மிக ஆழமானது; வீட்டில் அரிசி குறைவாக இருந்தாலும், அன்று வயலுக்குப் போயாக வேண்டியிருந்தாலும் முகத்தில் காட்டாமல் உட்காரச் சொல்வார்கள். ஆகையால் உங்கள் விடுதியிலோ, உரிமம் பெற்ற உள்ளூர் வழிகாட்டியிடமோ இரண்டு நாள் முன்னதாகச் சொல்லி, அவருக்கு நன்றாகத் தெரிந்த ஒரு குடும்பத்திடம் கேட்கச் சொல்லுங்கள். மின்னாந்து, பூவாசோ, மியின்கபா போன்ற ஊர்கள் கோயில்களுக்கு நடுவிலேயே இருக்கின்றன. போப்பா மலைக்குப் போகும் சாலையோரத்தில் பனையேறிகளின் குடியிருப்புகள் இருக்கின்றன. பணம் எவ்வளவு என்பதை வழிகாட்டியின் மூலம் முன்கூட்டியே பேசி முடித்துவிடுங்கள், அந்தத் தொகை நேரடியாக வீட்டுக்காரர் கையில் சேருமா என்பதையும் சேர்த்தே கேளுங்கள்.

வழிகாட்டியிடம் மூன்று விஷயங்களைச் சொல்ல வேண்டும். முதலாவது, அந்த வீட்டில் அன்றைக்கு என்ன சமைப்பார்களோ அதுவே போதும் என்பது. இதைச் சொல்லாவிட்டால் விருந்தாளிக்கென்று கோழி அடிப்பார்கள், கடையில் கடன் சொல்லிக் குளிர்பானம் வாங்குவார்கள். நீங்கள் பார்க்க வந்த அன்றாடச் சமையல் அன்று நடக்காமலே போய்விடும். இரண்டாவது, காலை ஏழரைக்கே வருகிறோம், சந்தைக்கும் கூட வருகிறோம் என்பது. உழவர் வீடுகளில் முதல் பெருஞ்சாப்பாடு ஒன்பது, பத்து மணிக்கும், இரண்டாவது மாலை ஐந்து மணியை ஒட்டியும் நடக்கும். மதியம் ஒரு மணிக்குப் போய் நின்றால் பாத்திரம் கழுவி வைத்திருப்பார்கள்.

மூன்றாவது, நீங்கள் எதைச் சாப்பிடமாட்டீர்கள் என்பது. சைவத்துக்கு அங்கே “தெத் தத் லுத்” என்று சொல்வார்கள். அதைச் சொன்னால் இறைச்சியும் மீனும் நீங்கும். ஆனால் காய்ந்த இறாலைப் பொடித்துத் தூவுவதும், ஙப்பி எனப்படும் மீன் அல்லது இறால் ஊறலைக் கரைத்து ஊற்றுவதும் நம்மூரில் பெருங்காயம் போடுவதுபோல் கை தானாகச் செய்கிற வேலை என்பதால், “ஙப்பியும் வேண்டாம், இறால் பொடியும் வேண்டாம்” என்று பெயர் சொல்லித் தனியாகக் கேட்க வேண்டும். நிலக்கடலை ஒவ்வாதவர்களுக்கு இந்த வட்டாரத்தில் கிராமச் சாப்பாடு உகந்ததல்ல என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். பொரிக்கும் எண்ணெய் முதல் தூவும் பொடி வரை எல்லாவற்றிலும் கடலை இருக்கும். மாட்டிறைச்சியைப் பற்றிப் பேச்செடுக்க வேண்டாம். ஏர் இழுக்கும் மாட்டைத் தின்பதில்லை என்று ஒதுக்கிவைத்திருக்கும் உழவர் குடும்பங்கள் மிகுதி.

சந்தையிலிருந்து தொடங்குங்கள்

நியாங்-ஊவில் உள்ள மணிசித்து சந்தை விடியற்காலையிலேயே கூடிவிடும். அங்கே வெறும் வேடிக்கை பார்ப்பதைவிட, உங்களுக்குச் சமைக்கப்போகும் அம்மாவின் கூடையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடப்பது பயனுள்ளது. இறைச்சியையும் காய்கறியையும் வீசைக் கணக்கில் நிறுக்கிறார்கள். ஒரு வீசை ஏறத்தாழ 1.6 கிலோ. அரிசியைப் படியில் அளக்கிறார்கள். ஒரு படிக்கு எட்டு டின்பால் டப்பா என்பது வழக்கமான கணக்கு. அவர் அரிசிக்குக் காசு கொடுப்பதைக் கவனியுங்கள். ஆண்டுக்கு 500 முதல் 1000 மில்லிமீட்டர் மழை மட்டுமே பெய்யும் இந்த மண்ணில் நெல் குறைவு. நல்ல அரிசி ஷ்வேபோவிலிருந்தும் தெற்கே டெல்டாவிலிருந்தும் வர வேண்டும். நெல் விளையும் நாடு என்று உலகம் அறிந்த பர்மாவில், கடலையையும் எள்ளையும் விற்று அரிசி வாங்கும் உழவரை இங்கே பார்க்கிறீர்கள். இந்த மண்டலத்துத் துவரையும் தென்பகுதி உளுந்தும் கப்பலேறி இந்தியாவுக்கு வருகின்றன. 2021இல் இரு நாடுகளும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டன் உளுந்தும் ஒரு லட்சம் டன் துவரையும் இந்தியா வாங்குவதாக ஏற்பாடு ஆயிற்று. சென்னையில் ஆட்டுகிற இட்லிமாவில் பர்மா உளுந்து கலந்திருக்க நிறைய வாய்ப்புண்டு.

சந்தைக்குள்ளேயே காலைச் சிற்றுண்டியை முடித்துக்கொள்ளலாம். கெளுத்தி மீனும் வாழைத்தண்டும் எலுமிச்சைப்புல்லும் போட்டுக் காய்ச்சிய மொஹிங்கா என்ற நூடுல்ஸ் சாற்றையும், அதன்மேல் நொறுக்கிப் போடும் பேஜோ என்ற பருப்புத் தட்டையையும் சென்னைப் பர்மா பஜாரிலோ வியாசர்பாடியிலோ சாப்பிட்டவர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. 1960களில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த சுவை அது. சைவர்கள், அவித்த பட்டாணியும் வெங்காயமும் போட்டு வறுத்த முந்தைய நாள் சோற்றைக் கேட்கலாம். தோசை சுடுகிற தள்ளுவண்டிகளும் பர்மிய நகரங்களில் உண்டு. “தோஷே” என்றே அழைக்கிறார்கள்.

வீட்டுக்குள் நுழைந்ததும்

செருப்பைப் படிக்கட்டின் கீழேயே கழற்றிவிடுங்கள். பெரியவர்களை “ஊலே”, “அடோ” என்று மாமா, அத்தை முறையில் கூப்பிடலாம். வீட்டின் கிழக்குப் பக்கத்தில் புத்தர் மாடம் இருக்கும். அந்தத் திசையில் கால் நீட்டி உட்காரக்கூடாது. எதைக் கொடுப்பதானாலும் வலக்கையால், இடக்கை விரல்கள் வலமுழங்கையைத் தொட்டபடி கொடுப்பது மரியாதை. “தமின் சா பிபி லா?”, அதாவது சோறு சாப்பிட்டாயிற்றா, என்று யாராவது கேட்டால் அது வணக்கத்துக்கு நிகரான விசாரிப்பு. நம் ஊரில் பதில் சொல்வதுபோலவே சிரித்துக்கொண்டு “சா பிபி” என்று சொல்லிவிடலாம்.

அதன் பிறகு கூடத்தில் உட்காராமல், அடுக்களைக்குப் போகலாமா என்று கேளுங்கள். பெரும்பாலும் அது வீட்டுக்குப் பின்னால் மூங்கில் தட்டியால் அடைத்த தனிக் கொட்டகையாக இருக்கும். “அங்கே ஒரே புகை” என்று ஒருமுறை தடுப்பார்கள். இரண்டாம் முறை கேட்டால் ஒரு மணையைத் துடைத்துப் போடுவார்கள். காய் நறுக்குவது, பூண்டு உரிப்பது, கீரை ஆய்வது ஆகிய மூன்றில் ஒன்றைக் கேட்டு வாங்கிச் செய்யுங்கள். கையில் வேலை இருக்கும்போதுதான் பேச்சு இயல்பாக வரும், கேமராவைப் பிடித்துக்கொண்டு நிற்பவரிடம் யாரும் மாமியாரைப் பற்றிப் பேசுவதில்லை.

அடுப்படியில் எதைப் பார்ப்பது

அடுப்பில் எரிவது பெரும்பாலும் விறகுகூட இல்லை, காய்ந்த துவரை மார், அதாவது துவரைச் செடியின் தண்டுதான். மரம் குறைந்த நாட்டில் துவரை பருப்பும் தருகிறது, விறகும் தருகிறது. அரிசியை முதலில் ஏற்றுவார்கள். கஞ்சி வடிக்கும் வீடாக இருந்தால் அந்தக் கஞ்சி மாட்டுக்கோ பன்றிக்கோ போகும். வெந்த சோற்றின் மேல்பகுதியை ஒரு சிறு கிண்ணத்தில் எடுத்து, குழம்பு வகையும் சிறிது வைத்து, முதலில் புத்தர் மாடத்துக்குக் கொண்டுபோவார்கள். விடியற்காலையில் திருவோட்டோடு வரிசையாக வரும் பிக்குகளுக்குக் கொடுத்தது அதற்கும் முன்னதாகவே முடிந்திருக்கும். நண்பகலுக்குப் பின் பிக்குகள் உண்பதில்லை என்பதால் அந்த வீட்டுப் பெண்கள் நான்கு, நான்கரைக்கே எழுந்துவிடுகிறார்கள்.

குழம்பு வைக்கும் முறையைக் கவனித்துப் பாருங்கள். வெங்காயம், பூண்டு, இஞ்சி, காய்ந்த மிளகாய் ஆகியவற்றைக் கல்லுரலில் இடித்து, மஞ்சள் சேர்த்து, தாராளமாக ஊற்றிய கடலையெண்ணெயில் வதக்குவார்கள். கடுகு தாளிப்பதில்லை, மல்லிப்பொடி இல்லை, தேங்காய் அரைத்து ஊற்றுவதும் அன்றாடக் குழம்பில் இல்லை. மீனோ கோழியோ காயோ போட்டு, கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு, அந்தத் தண்ணீர் முழுக்க வற்றி எண்ணெய் மறுபடியும் பிரிந்து மேலே வந்து நிற்கும்வரை விடுவார்கள். கொதிக்கும் சத்தம் மாறிப் பொரியும் சத்தம் வரும்போது, அந்த அம்மா திரும்பிப் பார்க்காமலேயே நெருப்பை இழுத்துவிடுவார். மேலே நிற்கும் எண்ணெயைப் பார்த்து முகம் சுளிக்கும் பயணிகள் பலர். குளிர்பதனப் பெட்டி இல்லாத வீட்டில் காலையில் வைத்த குழம்பு மாலைவரை கெடாமல் இருக்க அந்த எண்ணெய்ப் படலம் மூடிபோல நிற்கிறது; எண்ணெயை ஒதுக்கிவிட்டு அடியிலிருந்து எடுத்துக்கொள்வது உங்கள் உரிமை.

பக்கத்து அடுப்பில் புளிச்சகீரை வதங்கும். சின்பாவுங் என்று சொல்லும் இந்தக் கீரை பர்மியச் சமையலின் உயிர்நாடிகளில் ஒன்று. வெங்காயம், பூண்டு, பச்சைமிளகாய், மூங்கில்குருத்து, காய்ந்த இறால் ஆகியவற்றோடு சேர்த்துப் பச்சை நிறம் மங்கிப் பாசிநிறமாகும்வரை வதக்குகிறார்கள். அதையே தண்ணீர் விட்டுப் புளிக்கரைசல் போலவும் காய்ச்சுகிறார்கள். கோடைத் தொடக்கத்தில் போனால் புளியங்கொழுந்தைக் கிள்ளி வந்து, வறுத்த கடலைப்பொடியும் எள்ளும் வெங்காயமும் எண்ணெயும் விட்டுக் கையால் பிசைந்து தருவார்கள். புளியங்கொழுந்தை இத்தனை மரியாதையாக நடத்துகிற சமையலை நான் வேறெங்கும் கண்டதில்லை.

பகானுக்கே உரிய பண்டம் பொன்யேஜி. கொள்ளை நெடுநேரம் வேகவைத்து, அந்தத் தண்ணீரைப் புளிக்கவிட்டு, கறுப்பு விழுதாகும்வரை சுண்டக் காய்ச்சுவது. பன்றிக்கறியோடு சமைப்பார்கள், பச்சை வெங்காயமும் கடலையெண்ணெயும் மிளகாயும் சேர்த்துச் சும்மாவும் பிசைந்து சாப்பிடுவார்கள். மீன்வாடை பிடிக்காதவர்களுக்கும் சைவர்களுக்கும் ஙப்பியின் இடத்தை நிரப்பும் பண்டம் இதுதான். எனவே “பொன்யேஜி இருக்கிறதா?” என்று தயங்காமல் கேளுங்கள், கேட்டவுடன் அந்த வீட்டில் ஒரு மகிழ்ச்சி பரவுவதைக் காண்பீர்கள்.

உண்ணும் முறை

குட்டையான வட்டமேசையைச் சுற்றிப் பாயில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் நடுவில் வைத்துச் சாப்பிடுகிறார்கள். ஒரு தட்டுச் சோறு, ஒரு குழம்பு, ஒரு கீரை அல்லது கூட்டு, ஒரு புளித்த சாறு, நடுவில் ஙப்பிக் கரைசல், அதைத் தொட்டுக்கொள்ள அவித்த அல்லது பச்சையான காய்களும் கொழுந்துகளும் என்பதுதான் அமைப்பு. வீட்டின் மூத்தவர் தட்டில் முதலில் ஒரு துண்டு வைத்த பிறகே மற்றவர்கள் தொடங்குவார்கள். மூத்தவர் வெளியே போயிருந்தாலும் அவர் பெயரால் ஒரு கரண்டி ஒதுக்கி வைக்கும் வழக்கம் உண்டு. விருந்தாளி என்று உங்களுக்கு அந்த முதல் துண்டை வைத்தால், பாட்டியைக் காட்டி அவருக்கு முதலில் வைக்கச் சொல்லுங்கள். அந்தச் செய்கையை மொழிபெயர்க்க யாரும் தேவையில்லை.

வலக்கையால், விரல் நுனிகளால் சாப்பிட வேண்டும். தமிழருக்கு இது ஒரு பெரிய வசதி. ஆனால் நம் வழக்கப்படி குழம்பை ஊற்றிச் சோறு முழுவதையும் பிசைந்துவிடாதீர்கள். குழம்பு தொட்டுக்கொள்ளும் அளவுக்குத்தான். ஒரு கவளத்துக்கு வேண்டியதை மட்டும் எடுத்து, அந்த ஓரத்துச் சோற்றோடு சேர்த்து உண்டு, அடுத்த கவளத்துக்கு மறுபடியும் எடுப்பதுதான் முறை. நடுவிலுள்ள இரண்டே மீன் துண்டுகளில் ஒன்றை முதல் கவளத்திலேயே காலிசெய்தால், பின்னால் சாப்பிடப்போகும் பெண்களுக்குக் குறையும். பல வீடுகளில் விருந்தாளியை முதலில் உட்காரவைத்துவிட்டு வீட்டார் சுற்றி நின்று பார்ப்பார்கள். “எல்லோரும் சேர்ந்து உட்காரலாமே” என்று வழிகாட்டி மூலம் ஒருமுறை சொல்லுங்கள், கேட்காவிட்டால் வற்புறுத்த வேண்டாம். காரம் நீங்கள் எதிர்பார்ப்பதைவிடக் குறைவாகவே இருக்கும். சுட்ட மிளகாய் தனியாக வைத்திருப்பார்கள்.

“சா லோ கவுங் தே” என்றால் சாப்பாடு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். வயிறு நிறைந்துவிட்டால் “வா பி” என்று சொல்லுங்கள். தட்டு காலியாக இருக்கும்வரை சோறு வந்துகொண்டே இருக்கும், ஆகவே கடைசிக் கவளத்தை உண்பதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுவது நல்லது. முடிவில் சர்க்கரையில்லாத வெறும் பச்சைத் தேநீரும், ஊறவைத்த தேயிலையான லபெட்டும் வரும். அரக்குப் பெட்டியின் நடுக் குழியில் தேயிலை, சுற்றிலும் வறுத்த பூண்டு, எள், கடலை, பொரித்த பயறு. அதோடு ஒரு துண்டு பனைவெல்லம். அன்று பேச வேண்டியதெல்லாம் உண்மையில் இந்தப் பெட்டியைச் சுற்றித்தான் பேசப்படும். அரசியலை நீங்களாகத் தொடங்காதீர்கள். அண்டை வீட்டார் யார் யார் காதில் விழும் என்று உங்களுக்குத் தெரியாது, அவர்களுக்குத் தெரியும்.

பனங்காட்டில் ஒரு முற்பகல்

நேரம் இருந்தால் பனையேறி வீட்டுக்கும் போய்வாருங்கள். மூங்கில் ஏணியில் காலையிலும் மாலையிலும் மரமேறிப் பாளை சீவிக் கலயம் மாற்றுவது ஆண்களின் வேலை. இறக்கியதைக் கடாய்களில் ஊற்றி மணிக்கணக்கில் காய்ச்சிக் கிளறுவது பெண்களின் வேலை. நம்மூர்க் கருப்பட்டிபோலச் சிரட்டையில் ஊற்றாமல், கெட்டிப்பட்டதும் கையால் சிறு உருண்டைகளாக உருட்டுகிறார்கள். காலையில் இறக்கிய பதநீரை அங்கேயே குடிக்கலாம். வெயில் ஏறியபின் அது கள்ளாகிவிடும், பனையோலைக் குவளையில் அதையும் நீட்டுவார்கள். ஸ்கூட்டர் ஓட்டித் திரும்ப வேண்டியவர்கள் மறுத்துவிடலாம். சுற்றுலாப் பேருந்துகள் நிற்கும் சாலையோரக் கொட்டகைகளில் மாடு கட்டிச் செக்காட்டுவதைக் காட்சிக்காகவும் நடத்துகிறார்கள். அது பொய்யென்று சொல்லமாட்டேன், ஆனால் அங்கே நீங்கள் வாடிக்கையாளர்தான். விருந்தாளி ஆக வேண்டுமானால் சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் வீட்டுக்குப் போங்கள்.

வயிறும் தண்ணீரும்

வாசலிலும் வழியோரங்களிலும் மண்பானைகளில் வைத்திருக்கும் தண்ணீர் யாருக்கும் உரியது. ஆனால் குளத்து நீரை நம்பியிருக்கும் ஊர்களில் புதியவர் வயிறு அதைத் தாங்காது. பச்சைத் தேநீரையோ மூடி திறக்காத போத்தல் நீரையோ மட்டும் குடியுங்கள். பச்சைக் காய்களுக்குப் பதில் அவித்தவற்றைத் தொட்டுக்கொள்ளலாம், அதைத் தவறாக நினைக்கமாட்டார்கள். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்களைக் கையில் வைத்திருங்கள். டைஃபாய்டு, மஞ்சள்காமாலை தடுப்பூசிகளைப் பற்றி ஒரு மாதத்துக்கு முன்பே மருத்துவரிடம் கேட்பது நல்லது.

கொடுப்பதும் வாங்குவதும்

பேசிய தொகையைச் சாப்பாடு முடிந்தபின், மற்றவர் பார்வையில் படாமல், இரு கைகளாலும் கொடுங்கள். குழந்தைகளுக்குக் காசும் மிட்டாயும் கொடுக்க வேண்டாம். அடுத்து வருகிறவரிடம் கைநீட்டப் பழக்குவதாகிவிடும். பரிசாக எதையேனும் கொண்டுபோக விரும்பினால் சந்தையில் வாங்கிய பழம், பிஸ்கட், ஒரு போத்தல் சமையலெண்ணெய் போன்றவை பொருத்தமானவை. ஊர் மடாலயத்துக்கு ஒரு சிறு காணிக்கையும் கொடுக்கலாம், பல கிராமங்களில் பிள்ளைகள் படிப்பதே அந்த மடாலயத்தில்தான். எடுத்த படங்களை நியாங்-ஊவில் அச்சிட்டு வழிகாட்டியிடம் கொடுத்தனுப்பினால் அதைவிட மதிக்கப்படும் பரிசு வேறில்லை. அவர்களைக் கேட்காமல் சமூக ஊடகத்தில் முகமும் ஊர்ப்பெயருமாகப் போட்டுவிடாதீர்கள். இன்றைய சூழலில் வெளிநாட்டவர் வந்துபோன வீடு என்ற அடையாளம் அவர்களுக்கு உதவாது.

வாங்க வேண்டியவற்றைக் கடையில் வாங்காமல் அந்த வீட்டிலேயே கேளுங்கள். பனைவெல்லம், எள், வறுத்த கடலை, பொன்யேஜி ஆகியவற்றில் ஏதாவது ஒன்று விற்க இருக்கும். வெல்லம் ஈரத்தில் கசியும் என்பதால் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். பொன்யேஜியும் லபெட்டும் விழுதாக இருப்பதால் விமானத்தில் கைப்பையில் அனுமதிக்கமாட்டார்கள், பதிவுசெய்யும் பெட்டியில் போடுங்கள். ஙப்பி வாங்கியே தீருவேன் என்பவர்கள் மூன்று உறை போட்டுக் கட்டி, துணிகளிலிருந்து விலக்கி, முடிந்தால் வேறொருவர் பெட்டியில் வைப்பது நலம்.